வெட்டிப் பொழுதுக்கு நல்ல வெப்சைட்டுகள்: குடும்ப குரூப்புல எதை அனுப்பலாம், எப்படி அனுப்பணும்?

நொய்யல்கரை | இரவு 8:12

முழுப்பரீட்சை லீவு வருது. பொடுசுகளெல்லாம் அப்புச்சி வீட்டுக்கு வந்து சேரும். மத்தியான வெயில்ல வெளியே உட முடியாது. ஆளுக்கொரு போனைத் தூக்கிட்டு மூலைக்கு ஒண்ணா உக்காந்துக்கும். அதுக்கு முன்னாடி ஒரு பட்டியல் சேர்த்து வெச்சுக்கலாம்னுதான் இந்த இழை.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் பத்தி வேண்டாம், அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திறந்த உடனே சிரிப்போ ஆச்சரியமோ வர்ற தளம் வேணும். ஆப் இறக்கச் சொல்லக்கூடாது, ஓடிபி கேக்கக்கூடாது, தினசரி 1.5 ஜிபி பேக்கைத் தின்னு தீர்க்கக்கூடாது. முக்கியமா, ஒருத்தர் போனைப் பிடிச்சா பக்கத்துல மூணு பேர் எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கணும். தனியா பார்த்துட்டு தனியா சிரிக்கற சமாச்சாரம் குடும்ப குரூப்புக்கு எதுக்கு?

முதல் போணி என்னோடது. நீல் அகர்வாலோட நீல் டாட் ஃபன்ல 'டீப் சீ'னு ஒரு பக்கம் இருக்கு. கடல் மட்டத்துல தொடங்கும். விரலால தள்ளத் தள்ள ஆழம் மீட்டர்ல ஏறிட்டே போகும், அந்தந்த ஆழத்துல இருக்கற உயிர்களோட படம் வரும். கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர் கீழே மரியானா அகழியில முடிஞ்சிரும். பசங்க கையில சும்மா குடுத்தா சர்ருனு ஒரே இழுப்புல அடிக்குப் போயிட்டு "ஆச்சு"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துருவாங்க. அதனால முதல்லயே பந்தயம் கட்டிருங்க: பென்குயின் ஆழமாப் போகுமா, சீல் போகுமா? டைட்டானிக் கிடக்கறது எத்தனை மீட்டர்ல? (சுமார் 3,800.) கேள்வி இருந்தா நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாங்க.


சோமனூர்_தறி | இரவு 8:40

ரேடியோ கார்டன் சொல்லாம பட்டியல் ஏதுங்க? 2016-ல நெதர்லாந்துல இருந்து வந்தது. பூமி உருண்டை வரும், மேலே பச்சைப் புள்ளிகள். புள்ளியைத் தொடறதை விட, உருண்டையைத் திருப்பி நடுவுல இருக்கற வட்டத்துக்குள்ள புள்ளியைக் கொண்டுவாங்க, தானா பாட ஆரம்பிச்சிரும். ரெண்டு விரலால விரிச்சா ஒரே புள்ளியாத் தெரிஞ்சது நாலஞ்சாப் பிரியும். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரிய வேண்டாம். நம்ம அம்மாயிகளுக்கு இதை விடச் சுலபமானது கிடையாது.

டேட்டா கணக்கு: 128 கேபிபிஎஸ்ல பாடற நிலையம் மணிக்கு 58 எம்பி சுமாருக்கு எடுக்கும். 1.5 ஜிபியில ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் மிச்சம் நிக்கும். ஆனா வீடியோ பார்த்து பேக் தீர்ந்த பின்னே வேகம் 64 கேபிபிஎஸ்சுக்கு இறங்கிருச்சுன்னா, 128 நிலையம் ரெண்டு வார்த்தை பாடி நாலு நொடி நிக்கும். ரேடியோ கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. காரணம் அதில்லை, வர்ற தண்ணியை விட மோட்டார் இழுக்கறது எச்சு, அவ்வளவுதான். அந்த நேரத்துல 32, 48 கேபிபிஎஸ்ல ஓடற சின்ன நிலையங்க மட்டும் தடங்கலில்லாம வரும்.

புள்ளி இருந்தும் பாடலைன்னா அந்த நிலையம் தன்னோட இணைய ஒலிபரப்பை நிறுத்தியிருக்கும், இல்லைன்னா முகவரியை மாத்தியிருக்கும். இவங்க நிலையம் நடத்தலை, இருக்கறதைக் கோத்துத் தர்றாங்க. லண்டன் பக்கம் இருக்கற ஒரம்பரைக்கு அனுப்பினீங்கன்னா "பிரிட்டிஷ் ஸ்டேஷன் மட்டும்தான் வருது"ம்பாங்க. காப்புரிமைத் தகராறுனால 2022-ல இருந்து பிரிட்டன்ல உள்நாட்டு நிலையங்களை மட்டும்தான் உடறாங்க. அவங்க போன்ல கோளாறு தேடிட்டு உக்காராதீங்க.


சிங்காநல்லூர்_குசும்பு | இரவு 8:47

அம்மாயிக்கு பிரேசில் பாட்டு போட்டுக் குடுத்துட்டு, திரும்ப வரும்போது அந்தப் பாட்டுக்கு வெத்தலை இடிச்சிட்டிருந்தா நான் பொறுப்பில்லை.


ஆனைமலை_காத்து | இரவு 9:05

தோட்டம் வெச்சிருக்கற வீடுகளுக்கு விண்டிங்கற வானிலை வரைபடத் தளம். இதுவும் வெட்டிப் பொழுதுதான். ஆனா அப்பாரு கையில குடுத்தா வெட்டிப் பொழுதுன்னு சொல்ல மாட்டாரு, "வானிலை பார்க்கறேன்"ம்பாரு.

திறந்ததும் ஊர் அனுமதி கேக்கும். குடுக்கலாம், குடுக்காம வரைபடத்துல பொள்ளாச்சியை இழுத்து நடுவுல வெச்சாலும் ஒண்ணுதான். காத்து வெள்ளைக் கோடுகளா ஓடும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பார்த்தா அரபிக்கடல்ல இருந்து வர்ற காத்து மலையில முட்டி, பாலக்காட்டுக் கணவாய்ங்கற 30, 40 கிலோமீட்டர் சந்துல நெருக்கியடிச்சுட்டு உள்ளே வரும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம்னு வரிசையா வேகம் ஏறியிருக்கறது நிறத்துலயே தெரியும். அந்தப் பக்கம் பூராவும் காத்தாடி ஏன் நட்டிருக்காங்கன்னு பசங்களுக்கு வேற விளக்கமே வேண்டாம், படத்தைக் காட்டினாப் போதும். அக்டோபர் தாண்டினா கோடெல்லாம் திசை மாறி கிழக்கே இருந்து ஓடும். கீழே இருக்கற நேரப் பட்டையை இழுத்தா நாளைக்கு, நாளான்னிக்குன்னு நகரும்.

இதை வெச்சு வீட்டுல வர்ற சண்டை ரெண்டு வகை. முதல் சண்டை: "மழை காட்டுது, வானம் வெளுப்பா இருக்கு." மழைன்னு இருக்கற படலம் கணிப்பு. ராடார்னு இருக்கறதுதான் இப்ப பெய்யற மழை. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால மாத்தித் தொட்டுருவாங்க. ரெண்டாவது: "பக்கத்துத் தோட்டத்துல பேஞ்சுது, நமக்கு ஏன் காட்டலை?" இசிஎம்டபிள்யூஎஃப்ங்கற ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மாடல் 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டுக் கணக்குப் போடுது, அமெரிக்க ஜிஎஃப்எஸ் 22 கிலோமீட்டருக்கு ஒண்ணு. சித்திரையில வர்ற கோடை மழை மூணு, நாலு கிலோமீட்டர் அகலத்துல கொட்டிட்டுப் போயிரும். கட்டத்தை விட மழை சின்னது. அதுல எந்தத் தோட்டம்னு எந்த மாடலும் சொல்லாது. பருவமழை மாதிரி பரவலா வர்றதுக்கு நம்பலாம். கடலை காயப்போடறதுக்கு நம்பி ஏமாந்துட்டு என்னைத் திட்டாதீங்க.


நொய்யல்கரை | இரவு 9:14

ஆனைமலை அண்ணா, இதே மாதிரி பழைய ஊரைக் காட்டறது ஏதாவது? "அப்பெல்லாம் இங்கே பூராவும் சோளக்காடு"ன்னு அப்புச்சி சொல்லிட்டே இருக்காரு, பசங்க நம்ப மாட்டேங்கறாங்க.


ஆனைமலை_காத்து | இரவு 9:31

கூகுள் எர்த்துல டைம்லாப்ஸ். 1984-ல இருந்து வருஷத்துக்கு ஒரு படம். திருப்பூரை நடுவுல வெச்சு ஓட்டுங்க, ஊர் நாலு பக்கமும் பிதுங்கிட்டுப் போறது தெரியும். கோயமுத்தூர்ல அவிநாசி ரோட்டைப் புடிச்சு ஓட்டினா ரோட்டோட ஒட்டி கட்டடம் வளர்றது கோடு போட்ட மாதிரி இருக்கும். நொய்யல் மேல ஒரத்துப்பாளையம் அணை 1992-ல கட்டினது. அதுக்கு முந்தின வருஷத்தையும் பிந்தின வருஷத்தையும் மாத்தி மாத்திப் பாருங்க.

அப்புச்சி கிட்ட முதல்லயே ஒண்ணு சொல்லிருங்க: வீடு தெரியாது. பழைய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்துல ஒரு புள்ளிங்கறது தரையில 30 மீட்டர். ஓட்டு வீடு அதுல பாதி கூட வராது. காடு, ஏரி, ஊரோட எல்லை, பைபாஸ் ரோடு, இதுதான் தெரியும். வீட்டுக் கூரை பார்க்கணும்னா கம்ப்யூட்டர்ல கூகுள் எர்த் திறந்து பழைய படங்கள்ங்கற கடிகாரக் குறியைத் தொடணும். நம்ம கிராமங்களுக்கெல்லாம் 2000-க்கு அப்புறம்தான் தெளிவான படம் கிடைக்கும், அதுவும் எல்லா வருஷமும் இருக்காது. டைம்லாப்ஸ் ஒரு மாதிரி வீடியோதான், டேட்டா கொஞ்சம் இழுக்கும். வைஃபைல ஓட்டுங்க.


பீளமேடு_ரன்வே | இரவு 9:50

ஃப்ளைட்ரேடார்24. ஏர்போர்ட் பக்கம் குடியிருக்கறவங்க வீட்டுல மொட்டைமாடியில ஏறி நின்னு போனைப் பார்த்துட்டு "இந்தா வருது"ன்னா, ரெண்டு நிமிஷத்துல தலைக்கு மேலே வரும். பசங்களுக்கு அது மந்திரம். மஞ்சள் விமானத்தைத் தொட்டா எங்கே இருந்து எங்கே, என்ன ரகம், உயரம் அடியில, வேகம் நாட்ல (knot, விமான வேக அளவு) வரும். அந்த நாட் கணக்கை 1.85-ஆல பெருக்கினா மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு வரும். 450 நாட்னா மணிக்கு 830 சொச்சம்.

இதை ஏன் குடும்ப குரூப்புல எச்சரிக்கையோட போடணும்னு சொல்றேன். ஷார்ஜாவுல இருந்து மாப்பிள்ளை ஏறினதும் இணைப்பை அனுப்புவீங்க. எல்லாரும் பார்த்துட்டே இருப்பாங்க. அரபிக்கடல் நடுவுல விமானம் மறையும். உடனே வீட்டுல ஒப்பாரி. விமானம் தன்னோட இடத்தை ரேடியோ அலையில சொல்லிட்டே போகுது. அதைத் தரையில ஆர்வலருங்க வெச்சிருக்கற சின்னச் சின்னப் பெட்டிங்க வாங்கி அனுப்புது. ஒரு பெட்டி உயரத்துல போற விமானத்தை 250-ல இருந்து 450 கிலோமீட்டர் வரைக்கும்தான் புடிக்கும், நடுக்கடல்ல பெட்டி எங்கே வைக்கறது? சில தடத்துல செயற்கைக்கோள் வழியா வரும், சிலதுல வராது. வராதபோது பழைய திசையும் வேகமும் வெச்சு உத்தேசமா நகர்த்திக் காட்டும், இல்லைன்னா மறைச்சிரும். கரை நெருங்கினதும் திரும்ப வரும். தாழப் பறக்கறபோதும் மலை மறைச்சா இதே கதைதான்.

அதனால இணைப்போட இந்த ஒரு வரியையும் சேர்த்து அனுப்புங்க: "கடல் மேலே கொஞ்ச நேரம் காணாமப் போகும், பயப்பட வேண்டாம்." இறங்கற நேரம் பார்க்க மட்டும்னா விமான எண்ணைத் தேடல்ல போட்டா போதும், வரைபடமே வேண்டாம்.


மஞ்சமண்டி | இரவு 10:10

தளத்தை எல்லாரும் சொல்லிட்டீங்க, அனுப்பற விதத்தை யாரும் சொல்லலை. குரூப்புல நல்ல இணைப்பு வீணாப் போறதுக்கு முக்காவாசி காரணம் அனுப்பினவங்கதான்.

இணைப்பை ஒட்டின உடனே அம்புக்குறியை அமுக்கிராதீங்க. ரெண்டு, மூணு நொடி பொறுத்தா மேலே சின்னப் படமும் தலைப்பும் வரும். அது வந்த பின்னே அனுப்பினாத்தான் வாங்கறவங்களுக்கும் படத்தோட போகும். வெறும் நீல எழுத்தாப் போனா பெரியவங்க "ஏதோ வைரஸ்"னு தொட மாட்டாங்க. தொடாததும் நல்ல பழக்கம்தான், குறை சொல்ல முடியாது.

தமிழ்ல எழுதறவங்களுக்கு ஒரு தனித் தொல்லை: இணைப்போட கடைசியில "ஐ", "ல"ன்னு ஒட்டி எழுதிட்டா அந்தத் தமிழ் எழுத்தும் முகவரிக்குள்ள போயி, பக்கம் கிடைக்கலைன்னு வரும். இணைப்பைத் தனி வரியில போடுங்க. முன்னாடி ஒரு வரி: என்ன இது, எங்கே தொடணும், சத்தம் வருமா. "சத்தம் வரும்"ங்கறதை மட்டும் மறக்கவே கூடாது. சாமி ரூம்புல திறக்கறவங்க இருக்காங்க.

யூடியூப்ல இருந்து பகிர்ந்தா கடைசியில கேள்விக்குறி போட்டு எஸ்ஐ-ன்னு நீளமா ஒரு வால் வரும். யாரு யாருக்குப் பகிர்ந்தாங்கன்னு கணக்கெடுக்கற வால் அது. கேள்விக்குறியில இருந்து அழிச்சாலும் வீடியோ ஓடும். பத்து நிமிஷ வீடியோவுல சிரிப்பு ஒரே இடத்துலதான்னா, அழிச்ச இடத்துல கேள்விக்குறி, டி, சமன்குறி, அப்புறம் நொடிக் கணக்கு. 95 போட்டா 1 நிமிஷம் 35-வது நொடியில தொடங்கும். முழுசையும் பார்க்கச் சொல்லி உறவை முறிச்சுக்காதீங்க.

தப்பான குரூப்புல போட்டுட்டா, எல்லாருக்கும் அழிக்க ரெண்டு நாளும் 12 மணி நேரமும் அவகாசம் இருக்கு. எழுத்துப் பிழை திருத்தறதுன்னா 15 நிமிஷம். நல்ல பட்டியல் ஒண்ணு சேர்ந்துருச்சுன்னா அந்தச் செய்தியை அழுத்திப் பிடிச்சு குரூப் மேலே பின் பண்ணிருங்க, 30 நாள் வரைக்கும் நிக்கும். லீவுக்கு அதுவே போதும்.

ரெட்டை அம்புக்குறி போட்டு வர்றதை அனுப்பவே வேண்டாம். ஏற்கெனவே அஞ்சு கை தாண்டி வந்தது, உங்க அத்தைக்கு மூணு குரூப்புல வந்திருக்கும். வாட்ஸ்அப்பே அதை ஒரு நேரத்துல ஒரு இடத்துக்கு மேல அனுப்ப உடறதில்லை.


கொடுமுடி_ஆத்தங்கரை | இரவு 10:22

மஞ்சமண்டி அக்கா, தீபாவளி பொங்கலுக்கு "உங்க பேரைப் போட்டு வாழ்த்து பாருங்க"ன்னு ஒண்ணு வருதுங்களே, பட்டாசு வெடிச்சு பேரு மின்னற மாதிரி. அதையும் தமாசுத் தளம்னு எங்க குரூப்புல எடுத்துக்கறாங்க. அது சரிங்களா?


மஞ்சமண்டி | இரவு 10:48

வேண்டாங்க தம்பி. அந்தப் பக்கங்களோட பொழப்பே விளம்பரமும் அனுமதியும்தான். பேரு போட்டதும் "நோட்டிபிகேஷன் அனுமதி"ன்னு ஒரு பொட்டி வரும். வாழ்த்து பார்க்கற அவசரத்துல சரின்னு அமுக்கிருவாங்க. அன்னில இருந்து "உங்க போன்ல 13 வைரஸ்", "பரிசு விழுந்திருக்கு"ன்னு நடுராத்திரியில வந்துட்டே இருக்கும். போன்ல வைரஸ் இல்லை, அனுமதிதான் பிரச்சினை. குரோம்ல மூணு புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள். அங்கே அனுமதி வாங்கின தளங்க வரிசையா இருக்கும். பேரே புரியாத தளம் எல்லாத்தையும் தொட்டு நிறுத்துங்க. வீட்டுப் பெரியவங்களுக்கு அதே பக்கத்துல மேலே இருக்கற "அறிவிப்பு கேட்கலாம்"ங்கறதையே அணைச்சுட்டா இனிமே எந்தத் தளமும் கேக்காது.

இதை விடப் பெரிய ஆபத்து ஏபிகே. கல்யாணப் பத்திரிகை, டிராபிக் அபராதம்னு பேரு வெச்சு வாட்ஸ்அப்புல ஒரு பைல் வரும். முகூர்த்த மாசத்துல நம்ம பக்கம் நாளுக்கு மூணு பத்திரிகை வர்றது வழக்கம், யோசிக்காமத் தொட்டுருவாங்க. பத்திரிகைன்னா படமாவோ பிடிஎஃப்பாவோதான் வரணும். பேரோட கடைசியில ஏபிகேன்னு இருந்தா அது ஆப். போட்டா எஸ்எம்எஸ் படிக்கற அனுமதி வாங்கிட்டு ஓடிபியை எடுத்துக்கும். தெரிஞ்ச மாமா நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவரு போன் முதல்லயே மாட்டியிருக்கும்.

போட்டுட்டாங்கன்னா: உடனே ஏரோப்ளேன் மோடு. வேற போன்ல இருந்து பேங்குக்குச் சொல்லி கணக்கை நிறுத்துங்க. பணம் போயிருந்தா சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க, தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிட்டே போகும். அப்புறம் அமைப்புல டிவைஸ் அட்மின், அணுகல்தன்மை ரெண்டு இடத்துலயும் அந்த ஆப்புக்கு அனுமதி எடுத்துட்டுத்தான் நீக்கணும். எடுக்காம நீக்கப் பார்த்தா நீக்கற பொத்தானே மங்கி நிக்கும். உங்களுக்கு வர்ற போன் காலை வேற நம்பருக்குத் திருப்பி உட்டிருக்காங்களான்னு சந்தேகம் இருந்தா, நெட்வொர்க்கைத் திரும்பப் போட்டுட்டு டயல் பேட்ல ##002# அடிச்சுக் கூப்பிட்டா எல்லாத் திருப்பலும் ரத்து.


சிங்காநல்லூர்_குசும்பு | இரவு 10:55

தமாசு இழையில பீதியைக் கிளப்பிட்டீங்களேக்கா. சரி, பெரிய பசங்களுக்கு நான் ஒண்ணு தர்றேன். நீல் டாட் ஃபன்லயே பாஸ்வேர்ட் கேம், 2023-ல வந்தது. பாஸ்வேர்ட் உருவாக்கச் சொல்லும், ஒவ்வொண்ணா விதி போடும், மொத்தம் 35. நெசமான பாஸ்வேர்டை மட்டும் அதுல அடிக்காதீங்க.

முதல் நாலு சாதாரணம். அஞ்சாவதுல எண்களையெல்லாம் கூட்டினா 25 வரணும். ஒன்பதாவதுல ரோமன் எண்களைப் பெருக்கினா 35 வரணும். எக்ஸ் மூணும் வி ஒண்ணும் சேர்த்து எழுதினா அதுவே ரோமன்ல 35, சோலி முடிஞ்சுது. ஆனா அதுக்கப்புறம் பெரிய எழுத்துல ஐ, எல், சி, டி, எம் எங்கேயும் வரக்கூடாது, வந்தா பெருக்கல் கெடும். சின்ன எழுத்துல இருந்தா கணக்குல சேராது. பத்தாவதுல கேப்சா, அதுல எண் இருந்தா 25 கெட்டுப்போகும், அதனால எண்ணே இல்லாத கேப்சா வர்ற வரைக்கும் புதுப்பிச்சுட்டே இருங்க. பதினஞ்சுல லீப் வருஷம் கேக்கும், 0 போட்டாலே ஏத்துக்கும், கூட்டலும் மாறாது. பதினெட்டுல தனிமங்களோட அணு எண் கூட்டி 200. நீங்க போட்ட அந்த வி-யே வனேடியம், 23 அங்கேயே போச்சு. பதினொண்ணாம் வகுப்பு படிக்கற புள்ளை இருந்தா பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க, தனிம அட்டவணை மனப்பாடம் ஆயிரும்.

பதினேழுல ஒரு முட்டை குடுக்கும், பத்திரமா வெச்சுக்கணும். இருபதுல பாஸ்வேர்டே தீப்புடிக்கும், ஒவ்வொரு எழுத்தா எரிஞ்சுட்டே வரும். தீயை அழிச்சுட்டு முட்டையைத் திரும்ப வைக்கணும். அப்புறம் அது பொரிஞ்சு கோழிக்குஞ்சு ஆகும், புழு போடணும். பட்டினி போட்டாலும் செத்துரும், கொட்டிக் குடுத்தாலும் செத்துரும். இந்த இடத்துல வீடே கத்தும். பத்து வயசுக்குக் கீழே இருக்கறதுகளுக்கு இது ஆகாது, அழுகையில முடியும். கம்ப்யூட்டர்ல ஆடுங்க, போன்ல கீபோர்டு பாதித் திரையை மறைச்சுக்கும்.


சோமனூர்_தறி | இரவு 11:02

சின்னதுகளுக்கு குவிக் டிரா. 2016-ல கூகுள் போட்டது. ஒரு பொருள் பேரு வரும், 20 நொடிக்குள்ள விரலால வரையணும், என்னன்னு மிஷின் கண்டுபிடிக்கும். மொத்தம் ஆறு படம். பேரைப் படிச்சுச் சொல்ல ஒருத்தர் வேணும், அதுதான் நல்லதும் கூட. பெரியவங்க படிக்க, பொடுசு வரைய, ஒட்டுக்கா ஆடலாம். நல்லா வரையறவங்கதான் தோப்பாங்க. உலகம் பூரா ஆளுங்க அவசரத்துல கிறுக்கினதைப் பார்த்துக் கத்துக்கிட்ட மிஷின் அது. நிழல் போடறது, கண்ணுக்கு இமை வைக்கறதுன்னு உக்காந்தா நேரம் போயிரும். முதல்ல வெளிக்கோடு, அப்புறம் அடையாளம்: பசுன்னா கொம்பும் மடியும், சீலிங் ஃபேன்னா தண்டும் றெக்கையும். 345 வகைப் பொருள் இருக்கு, அம்மிக்கல்லு ஆட்டாங்கல்லு அதுல வராது. வரையறதெல்லாம் அவங்க தொகுப்புல சேரும், அதனால பேரு, நம்பர் கிறுக்க உடாதீங்க.


கொடுமுடி_ஆத்தங்கரை | இரவு 11:10

குரோம் மியூசிக் லேப்ல மெட்டுப் போடற சாங் மேக்கர் திறந்தா சத்தமே வரலைங்க, ஐபோன்ல. ஆனா யூடியூப் பாடுது. சத்தமெல்லாம் முழுசா வெச்சிருக்கு.


பீளமேடு_ரன்வே | இரவு 11:16

பக்கவாட்டுல இருக்கற சைலண்ட் சுவிட்ச்சைப் பாருங்க தம்பி. ஐபோன்ல வீடியோ சைலண்ட்லயும் பாடும். ஆனா தளமே அந்த நேரத்துல உருவாக்கற ஒலி சைலண்ட்ல அடங்கிரும். சுவிட்ச்சைத் தள்ளிட்டு பக்கத்தைத் திரும்பத் திறங்க, திரையை ஒரு தடவை தொடுங்க. தொடாம எந்த உலாவியும் சத்தம் போட உடாது. புது மாடல்ல சுவிட்ச் இல்லாம பொத்தான் இருக்கும், அதை அழுத்திப் பிடிங்க.

சாங் மேக்கர்ல கட்டம் கட்டமா தொட்டு மெட்டுப் போட்டதும் சேமிச்சா இணைப்பு வரும். அதை குரூப்புல போட்டா அடுத்தவங்க திறந்து மாத்தலாம், மாத்தினது புது இணைப்பா சேமிக்கும், பழசு அப்படியே இருக்கும். சித்தி பொண்ணு போட்டதை பெரியப்பா பையன் நீட்டி, அதை இன்னொருத்தர் நீட்டினு ஓட்டலாம்.


காங்கேயம்_காளை | இரவு 11:30

எல்லாஞ் சரிங்க, ஆனா இதெல்லாம் பொழப்பத்த வேலை. தளம் நல்லதோ கெட்டதோ, போன் போன்தான். பசங்க இதுல ஆரம்பிச்சு ஷார்ட்ஸ்ல போயி முடிப்பாங்க. அதுக்கு என்ன வழி?


மஞ்சமண்டி | இரவு 11:52

கேள்வி நாயமானதுங்க. இங்கே சொன்னதுல பாதிக்கு முடிவு இருக்கு: கடல் அடி வந்தா முடிஞ்சுது, ஆறு படம் வரைஞ்சா முடிஞ்சுது. ஷார்ட்ஸுக்கு அடியே கிடையாது. அங்கே போகாம இருக்க, சொல்லிப் பார்க்கறதை விட அமைப்பை மாத்தறது பலிக்கும்.

யூடியூப்ல அமைப்புகள்ல போயி பார்த்த வரலாற்றை நிறுத்தி, பழசையும் அழிச்சுட்டீங்கன்னா முகப்புப் பக்கம் வெறுமனா வரும், பரிந்துரையே இருக்காது. தேடினா மட்டும்தான் வீடியோ. பழகிட்டவங்களுக்கு ரெண்டு நாள் கையரிக்கும். தன்னால அடுத்தது ஓடற ஆட்டோபிளேயை வீடியோ மேலேயே அணைக்கலாம்.

ஆண்ட்ராய்டுல டிஜிட்டல் வெல்பீயிங்: ஆப் வாரியா நேரம் வைக்கலாம், தீர்ந்தா ஐகான் மங்கிரும். ஆனா வெச்ச ஆளே எடுக்கவும் முடியும், பசங்க போனா இருந்தா ஃபேமிலி லிங்க்லதான் பெத்தவங்க கையில பூட்டு இருக்கும்.

இன்னொண்ணு, பெரியவங்க போனைப் பசங்க வாங்கிப் பார்த்தா அப்புறம் அப்புச்சிக்கு கார் ரேசும் ஸ்லைமும்தான் பரிந்துரையா வரும். குடுக்கறதுக்கு முன்னாடி யூடியூப்ல உங்க கணக்குப் படத்தைத் தொட்டு மறைநிலையை ஆன் பண்ணிக் குடுங்க. திரும்ப வாங்கினதும் அணைக்க மறக்காதீங்க.


ஆனைமலை_காத்து | காலை 5:40

காளையண்ணனுக்கு ஒண்ணு. கையில போனே வேண்டாம், டிவியில போட்டு உட்டுட்டு வேலையைப் பார்க்கலாம். எக்ஸ்ப்ளோர் டாட் ஆர்க் தளத்துல அலாஸ்கா கட்மாய் பூங்காவோட நேரலை, ப்ரூக்ஸ் அருவியில கரடிங்க வாயைத் தொறந்துட்டு நிக்கும், மீன் துள்ளி வாய்க்குள்ளயே விழும். அங்கே கோடையில நம்மை விட 13 மணி 30 நிமிஷம் பின்னாடி. நம்ம ஊர்ல விடியால 5-ல இருந்து 9 வரைக்கும்னா அங்கே முந்தின நாள் பின்மதியம் 3:30-ல இருந்து 7:30. பால் கறக்கற நேரத்துல இருந்து பள்ளிக்கூட வண்டி வர்ற வரைக்கும் நல்ல வெளிச்சம். மத்தியானம் போட்டா அங்கே நடுராத்திரி, கருப்புத் திரைதான், இல்லைன்னா பழைய பதிவு ஓடும்.

ஜூலையில கூட்டம் எச்சு, சால்மன் ஏறி வர்ற மாசம். ஆகஸ்ட்ல குறையும். செப்டம்பர்ல திரும்ப வரும்போது ஒவ்வொண்ணும் நல்லாப் பெருத்திருக்கும். குண்டுக் கரடிக்கு ஓட்டுப் போடறது 2014-ல ஒரு நாள் போட்டியாத் தொடங்கி, 2015-ல இருந்து ஒரு வாரம் நடக்குது, செப்டம்பர் கடைசி அக்டோபர் தொடக்கத்துல வரும். கரடிக்கு ஒரு நம்பர் இருக்கும். குரூப்புல ஆளுக்கொரு நம்பரைப் புடிச்சுக்கிட்டா தேர்தல் களை கட்டிரும். முழுப்பரீட்சை லீவுக்கு ஆகாது, காலாண்டு லீவுக்குத்தான் வாய்க்கும். நேரலை வீடியோ 480-ல வெச்சாலும் மணிக்கு அரை ஜிபி பக்கம் போகும், மொபைல் டேட்டாவுல வேண்டாம்.


காங்கேயம்_காளை | காலை 6:15

கரடி பரவாயில்லீங்க. ரேடியோவை அப்பத்தா போன்ல தனியா ஒரு பொத்தானா வெக்க முடியுங்களா? குரோம் திறந்து தேடறதெல்லாம் அவங்களுக்கு ஆகாது.


சோமனூர்_தறி | காலை 6:32

முடியுங்க. குரோம்ல ரேடியோ கார்டனைத் திறந்து, அவங்களுக்குப் புடிச்ச நிலையத்தை ஓட உட்டு, அந்தப் பக்கத்துலயே மூணு புள்ளியைத் தொட்டு "முகப்புத் திரையில் சேர்" குடுங்க. பேரு கேக்கும்போது தமிழ்லயே "பாட்டு"ன்னு போடுங்க. முதல் பக்கத்துல, கீழே கட்டைவிரல் எட்டற இடத்துல வையுங்க. திரை அணைஞ்சதும் பாட்டு நின்னுச்சுன்னா போனோட பேட்டரி சேமிப்புதான் நிறுத்துது: அமைப்புகள், ஆப்ஸ், குரோம், பேட்டரி, அதுல "கட்டுப்பாடு இல்லை"ன்னு மாத்திருங்க. நிலையம் முகவரி மாத்திட்டா பொத்தான் தொட்டும் பாடாது, அப்ப இதே மாதிரி வேற ஒண்ணு வெச்சுக் குடுக்கணும். நிறுத்தறது எப்படின்னு ஒரு தடவை காட்டிருங்க, இல்லைன்னா சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு நின்னுருச்சுன்னு நினைச்சுக்குவாங்க, ராத்திரி பூராவும் ஓடிட்டே இருக்கும்.